பூட்டிய வீட்டில் ஆடிய ஆட்டம்

கழகம் திறக்கப்போகிறது, ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்றுப்போட்டியும் வைக்கப்போகிறோம் என்று நிருஷன் தொலைபேசியில் சொன்னபோது, தான் வரவில்லை என்றுதான் உதயகலா சொன்னாள்.

யாழ்ப்பாணத்து அரியாலையில் அந்தச் சதுரங்கக் கழகம் பூட்டிக் கிடந்து இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்தது. கொரோனாவுக்காகப் பூட்டினார்கள். கட்டுப்பாடுகளை எடுத்த பிறகு பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை என்று இன்னும் கொஞ்சக் காலம் இழுபட்டது. இப்போது 2022 முடியப்போகிறது. திருவிழாக்களில் சனம் பழையபடி முட்டி மோதியது. முகக்கவசம் போட்டவரைக் கண்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

உதயகலா கூட்டுறவுக் கடையில் முகாமையாளர். நாற்பது வயது தாண்டியவள். பூட்டுவதற்கு முன்னர் கழகத்தில் அவளை வெல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார்: தலைவர் செபநாயகம். பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லாருக்கும் அவர் சேர்.

நிருஷன் இரண்டாம் தரமும் தொலைபேசி எடுத்தான். போட்டிக்கு ஒற்றைப்படையில் ஆள் சேர்ந்திருக்கிறது, நீங்கள் வந்தால் சோடி சரிவரும் அக்கா என்று கெஞ்சினான். அற்புதராணி அன்ரியும் வருகிறா, மத்தியானச் சாப்பாடு அவவின் பொறுப்பு என்றும் சொன்னான். அற்புதராணி செபநாயகத்தின் மனைவி. அந்தப் பெயரைக் கேட்டபிறகுதான் உதயகலா வருகிறேன் என்றாள். அவள் விளையாடப் போகவில்லை. அற்புதராணியிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள்.

முந்தைய வருடம் ஆவணியில் நாடு முழுக்க ஊரடங்கு போட்டிருந்தார்கள். இணையவழியில் மாவட்டங்களுக்கிடையே ஒரு போட்டி வருகிறது, நாலு பேர் கொண்ட குழு வேண்டும் என்று செபநாயகம் அப்போது அவளுக்குத் தொலைபேசி எடுத்தார். பின்னேரம் தன் வீட்டுக்கு வரச்சொன்னார். கேற்றைப் பூட்டிவிட்டு நாலு பேரும் பயிற்சி செய்யலாம், ஒருவருக்கும் தெரியாது என்றார். உதயகலாவுக்கு மனம் ஒப்பவில்லை. அவளுடைய கணவன் கீர்த்திகனுக்குச் சலரோகம் என்கிற நீரிழிவு இருந்தது. குளிர்சாதனப் பெட்டி திருத்துகிற வேலை அவனுக்கு. ஊரடங்கில் அதுவும் இல்லாமல் நாள் முழுக்க முற்றத்தில் நடந்துகொண்டிருந்தான். அவன்தான் அவளைப் போகச் சொன்னான்.

"போயிட்டு வா. வீட்டுக்குள்ளை இருந்து இருந்து உனக்கும் விசர், உன்னைப் பாத்து எனக்கும் விசர்."

அவள் பின்ஒழுங்கையால் நடந்து போனாள். குழுவில் மற்ற இருவரான நிருஷனும் கிறகோரியும் ஏற்கனவே வந்திருந்தார்கள். ரோட்டில் போகிற பொலிசுக்குச் சத்தம் கேட்கக்கூடாது என்று செபநாயகம் யன்னல்களைச் சாத்தி, மின்விசிறியைப் போட்டிருந்தார். பொழுதுபடும் வரைக்கும் ஆடினார்கள். பல மாதங்களுக்குப் பிறகு உண்மையான பலகையில் உண்மையான காய்களைத் தொட்டு ஆடிய சந்தோசத்தில் அவள் திரும்பி வந்து, ஒவ்வொரு ஆட்டத்தையும் கீர்த்திகனுக்குச் சொன்னாள். அவனுக்குச் சதுரங்கம் தெரியாது. ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தான்.

சில நாட்களில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு அவனுக்கு. அவளை ஒரு பாடசாலையில் அமைத்திருந்த சிகிச்சை நிலையத்துக்கும், மூச்சு இழுத்த அவனை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். அங்கே ஒட்சிசன் வைத்த நிலையிலேயே அவன் செத்துப்போனான். அவளை வெளியே விடவில்லை. மயானத்துக்குக் கீர்த்திகனின் தமக்கை அருந்ததியும் அவளுடைய மகனும் மட்டும் போனார்கள். அந்த மகன் தொலைபேசியில் ஒரு படம் அனுப்பினான். பொலித்தீன் சுற்றிய பெட்டி. இரண்டு பக்கத்திலும் வெள்ளை உடுப்புக்குள் முகம் தெரியாத இரண்டு பேர். அவள் அவனைக் கடைசியாகப் பார்த்தது அவ்வளவுதான்.

வீட்டுக்கு அவள் திரும்பி வந்தபோது, யாரோ திருத்தக் கொடுத்த குளிர்சாதனப் பெட்டி ஒன்று பின்பக்கம் கழற்றியபடி முற்றத்தில் நின்றது. சொந்தக்காரர் ஒருநாள் வந்து அதை அப்படியே ஏற்றிக்கொண்டு போனார்.

முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி அன்று அவள் கரவெட்டிக்கு, அருந்ததி வீட்டுக்குப் போனாள். செஸ் விளையாடப் போய் என்ரை தம்பியைக் கொன்றுபோட்டாய் என்று அருந்ததி எல்லாருக்கும் முன்னால் சொன்னாள். உதயகலா மறுத்துப் பேசவில்லை. அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். ஊரடங்கிலும் கூட்டுறவுக் கடை திறந்துதான் இருந்தது. நிவாரணப் பொதிக்கு வந்த சனம் மேசையில் சாய்ந்து நின்று அவளோடு கதைத்தது. அங்கேயிருந்து கொரோனா வருத்தத்தைப் பொறுக்கிக்கொண்டு செபநாயகத்தின் வீட்டுக்குக் கொண்டுபோனதும் அவள், தன் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவள். செபநாயகத்துக்கும் வந்தது. அற்புதராணி கிழமைக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து தப்பினா. "பிள்ளை கடையிலையிருந்து கொண்டந்திட்டுது, பாவம், ஒருத்தரும் அதிட்டை ஒண்டும் கேளாதேங்கோ" என்று சேர் சொன்னதாக நிருஷன் ஒருமுறை அவளிடமே சொன்னான். அந்தப் பெருந்தன்மையை நினைத்து அவள் அழுதிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது. சனசமூக நிலைய மண்டபத்தில் மேசைகளைத் துடைத்துப் பலகைகளை விரித்திருந்தார்கள். சில பெட்டிகளில் காய்களைக் கரையான் அரித்திருந்தது. ஒரு பலகையில் கறுப்புக் கோட்டைக் காய்க்குப் பதிலாகப் போத்தல் மூடி நின்றது. கிறகோரி நடுவர். செபநாயகம் மெலிந்திருந்தார். வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கைகொடுத்து வரவேற்றார். உதயகலாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். நீர் வந்ததே பெரிய காரியம் என்றார்.

ஐந்து சுற்றுக்கள். முதல் ஆட்டத்தில் எதிரே இருந்தவர் இருமியபோது அவளுடைய விரல்கள் குதிரையின் தலையிலேயே நின்றுவிட்டன. பிறகு பழகிவிட்டது. மத்தியானத்துக்கு முன்னர் நடந்த மூன்று சுற்றையும் வென்றாள். சந்தோசம் வரவில்லை, கணக்குச் சரிவந்ததுபோல இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டுப் பார்சல்கள் கொடுத்து முடிந்ததும், பின்விறாந்தையில் அற்புதராணி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு தனிய நின்றா. உதயகலா கிட்டப் போனாள். ஒரு வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எல்லாம் போய்விட்டன. என்னாலைதான் அன்ரி நீங்கள் சாகக் கிடந்தனீங்கள், மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று மட்டும் சொன்னாள்.

அற்புதராணி கேத்திலை வைத்துவிட்டு அவளைப் பார்த்தா.

"என்ன பிள்ளை விசர்க்கதை கதைக்கிறீர்? உம்மாலை என்ன? நீங்கள் எல்லாரும் வர முதலே இவருக்குக் காய்ச்சல் தொடங்கிட்டுது. பனடோல் போட்டுக்கொண்டு திரிஞ்சவர். அண்டைக்கு விடியக் கருவாடு பொரிச்சனான், மணமே தெரியேல்லை எண்டவர். பிள்ளையளை வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ எண்டனான். தடிமன்தானே எண்டு சொல்லிப்போட்டார்."

உதயகலா தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி நின்றாள். அவள் கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னும் ஒன்று இருந்தது. சேர் எல்லாரிடமும் நான் கொண்டுவந்ததாகச் சொல்லியிருக்கிறாரே, அது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். அற்புதராணியின் முகத்தைப் பார்த்ததும் தெரியாது என்று விளங்கியது. அவ பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டா. வாளிக்குள் கிடந்த கோப்பைகளை யாரும் கழுவவில்லை.

நாலாவது சுற்றை எப்படி ஆடினாள் என்று அவளுக்கு ஞாபகமில்லை. வென்றிருந்தாள். கடைசிச் சுற்றில் முதலாம் மேசையில் அவளும் செபநாயகமும் எதிரெதிரே இருந்தார்கள்.

அவர் வழக்கம்போல ராணிக்கு முன்னால் நின்ற காலாளை நகர்த்தி மணிக்கூட்டை அழுத்தினார். அவள் பதிலுக்கு ஆடினாள். பத்துப் பன்னிரண்டு நகர்வுகள் சத்தமில்லாமல் போயின. மழை தகரத்தில் அடித்தது. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது அவள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"சேர், அண்டைக்கு உங்களுக்கு மணம் தெரியேல்லையாமே?"

அவருடைய கை பலகைக்கு மேலே நின்றது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். கிறகோரி வந்து, ஆட்டம் நடக்கும்போது கதைக்கக்கூடாது என்று தணிந்த குரலில் சொன்னார். அவரும் அந்த நாலு பேரில் ஒருவர். கேள்வி அவருக்கும் கேட்டிருந்தது. சொல்லிவிட்டும் அவர் அந்த மேசையை விட்டு நகரவில்லை.

செபநாயகம் ஒரு காயை நகர்த்தினார். பிறகு சமநிலை கேட்டார். சமநிலை என்றால் அவளுக்குத்தான் முதலிடம். அவர் புள்ளியில் அரை குறைவாக இருந்தார். உதயகலா தலையை ஆட்டி மறுத்தாள். அதற்குப் பிறகு அவர் ஆடியது ஆட்டமே இல்லை. கோட்டையைக் காவல் இல்லாத கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். அவள் எடுத்தாள். அவருடைய நெற்றி வியர்த்திருந்தது. நோயில் மெலிந்த ஒரு கிழவனை அடிக்கிறோம் என்ற நினைப்பு அவளுக்கு வந்தது; ஆனாலும் நிறுத்தவில்லை. ராஜாவைச் சரித்துவிட்டு அவர் கை நீட்டினார். அவள் கை கொடுக்கவில்லை.

பரிசு கொடுக்க வேண்டியவரும் அவர்தான். கிண்ணத்தை வாங்கும்போது அவள் அவருக்கு மட்டும் கேட்கும்படி, நாளைக்குக் கரவெட்டிக்கு என்னோடு வரவேண்டும், மச்சாள் அருந்ததியிடம் நீங்களே உண்மையைச் சொல்ல வேண்டும் என்றாள். கீர்த்திகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அருந்ததி அவருக்குத் தொலைபேசி எடுத்திருந்தாள். எங்கேயிருந்து வந்தது என்று கேட்டிருந்தாள். கடையிலிருந்து உதயகலா கொண்டுவந்தது என்று அவர் அப்போது சொல்லியிருந்தார். அருந்ததி அதை அந்தியேட்டி வீட்டில் எல்லாருக்கும் சொன்னாள்.

அவர் வந்தார். மறுநாள் பஸ்ஸில் இரண்டு பேரும் வேறு வேறு இருக்கைகளில் இருந்தார்கள். வழியில் செம்மணி வயல்வெளியில் தண்ணீர் தேங்கி நின்றது.

அருந்ததி அவர்களை முன்விறாந்தையில் இருத்தினாள். தண்ணீர் கொடுத்தாள். செபநாயகம் எழும்பி நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்தில் பிள்ளை நிற்பதுபோலக் கைகளை முன்னால் கட்டியபடி சொன்னார்.

"எனக்குத்தான் முதல் வந்தது தங்கச்சி. அண்டைக்கே எனக்குச் சந்தேகம். ஆனா விளையாட ஆசையாக் கிடந்தது. உங்கடை தம்பி ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை நீங்கள் கேட்டனீங்கள், உண்மையைச் சொல்ல வாய் வரேல்லை. பழியை இந்தப் பிள்ளையிலை போட்டன். இது ஒண்டும் கேளாது எண்டு தெரியும்."

அருந்ததி முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள், அழுவாள், தன் கையைப் பிடிப்பாள் என்று உதயகலா வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அருந்ததி அவளைத் திரும்பிப் பார்த்தபோது கண்களில் ஈரமில்லை.

"இவர் வரச்சொன்னவர். சரி. நீ ஏன் போனனி?"

அவன்தான் போகச் சொன்னான் என்ற பதில் உதயகலாவின் நாக்கு வரைக்கும் வந்தது. அதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. இப்போது சொன்னால், செத்தவனையும் இழுத்து இந்த விறாந்தையில் நிறுத்துவதாகிவிடும். அவள் சொல்லவில்லை. அருந்ததி உள்ளே போனாள். திரும்பி வரவில்லை. கொஞ்சநேரம் பார்த்துவிட்டு இரண்டு பேரும் கேற்றைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்கள்.

பஸ் தரிப்பில் செபநாயகம் அழுதார். தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தம் வராமல் அழுதார். ஒரு சைக்கிள்காரர் காலை ஊன்றிப் பார்த்துவிட்டுப் போனார். உதயகலா ஆறுதல் சொல்லவில்லை. அவரை வெறுக்கலாம் என்று முயன்று பார்த்தாள். இரவெல்லாம் மூண்டிருந்த அந்தக் கோபம் இப்போது கைக்கு அகப்படவில்லை. களைப்பு மட்டும் இருந்தது. அவர் குற்றவாளி என்று ஆனதால் தன் பாரம் குறைந்துவிடும் என்று நினைத்திருந்தாள். அருந்ததி கேட்ட கேள்வி அப்படியே இருந்தது.

பஸ் வரும் நேரத்தில் அவர் கேட்டார்.

"சனிக்கிழமை கழகத்துக்கு வருவீரோ பிள்ளை?"

"வருவன். நீங்கள் வரவேண்டாம் சேர்."

அவர் ஓம் என்று தலையாட்டினார்.

உடல்நிலை சரியில்லை என்று சொல்லி அவர் அந்தக் கிழமையே தலைவர் பதவியை விட்டார். கழகத்துக்கு அவர் செய்த சேவையை மறக்கக்கூடாது என்று சிலர் நின்றதால், அடுத்த மாதம் ஒரு சிறிய பிரிவுபசாரம் வைத்தார்கள். அன்றைக்கு மட்டும் அவர் வந்தார். அற்புதராணி வரவில்லை. கிறகோரி பொன்னாடை போர்த்தி, கொரோனாக் காலத்திலும் சதுரங்கத்தைக் கைவிடாதவர் என்று பேசினார். பேசும்போது உதயகலா இருந்த பக்கம் அவர் பார்க்கவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். இரண்டு வார்த்தை நீங்களும் சொல்லுங்கள் அக்கா என்று நிருஷன் வந்து கூப்பிட்டான். அவனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. தொண்டை சரியில்லை என்றாள்.

கூட்டம் முடியட்டும் என்று அவள் வெளியே மதிலடியில் நின்றாள். காரில் ஏறும்போது செபநாயகம் அவளைக் கண்டார், நின்றார், பிறகு ஏறிக்கொண்டார். கதிரைகளை இழுக்கும் சத்தம் அடங்கியதும் அவள் உள்ளே போய் நிருஷனோடு ஒரு ஆட்டம் ஆடினாள். நன்றாகத்தான் ஆடினாள். தோற்றுப்போனாள்.