ரூபனின் நாற்காலியில் கதாநாயகன்

ஞாயிற்றுக்கிழமைக்கு அலுவலகத்தைச் சினிமாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டவர் மேலாளர் பாலகோபால். கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்களைப் பற்றிய நகைச்சுவைப் படமாம். கதாநாயகன் விசைப்பலகையில் மூன்று தட்டுத் தட்டினால் உலகத்து பேங்குகளெல்லாம் கவிழ்ந்துவிடும். நிஜத்தில் மூன்று தட்டில் என்ன நடக்கும் என்று கேட்டிருந்தால் அங்கே வேலை பார்க்கும் ரூபன் சொல்லியிருப்பான்: பாஸ்வேர்டு தப்பு என்று வரும். அவனை யார் கேட்டார்கள்?

அன்று ரூபனுக்கு டூட்டி. ஆர்.எஸ்.புரத்தில் பட்டு ஜவுளிக்கடை வைத்திருக்கும் நஞ்சப்பனின் ஆன்லைன் விற்பனையைக் கவனிப்பது அவன் பொறுப்பு. பதினொரு மணிக்கு ஆடித் தள்ளுபடி ஆரம்பம். போன மாதம்தான் கம்பெனியில் ஆறு பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அடுத்தது யார் என்று கேண்டீனில் பேச்சு வந்தபோது எல்லாரும் ரூபனைப் பார்க்காமல் டீயைப் பார்த்தார்கள். தள்ளுபடி ஒழுங்காக நடந்தால் அவனுக்கு வேலை நிலைக்கும், சொதப்பினால் போகும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பதினொன்று ஆனதும் சேலைக் கூட்டம் முண்டியடித்துக்கொண்டு உள்ளே வந்தது. கடையின் வெப்சைட் படுத்துவிட்டது.

பெரிய வியாதி ஒன்றுமில்லை. உள்ளே போய் ஒருமுறை நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டால் எழுந்து உட்கார்ந்துவிடும். ஆனால் உள்ளே போக ரூபனின் மேசைக் கணினிக்கு மட்டும்தான் அனுமதி. பாதுகாப்புக்காகப் பாலகோபாலே செய்து வைத்த ஏற்பாடு அது. அந்த மேசையில் இப்போது கதாநாயகன் உட்கார்ந்திருந்தான். திரையில் பச்சைப் பச்சையாக எழுத்துகள் மழை பெய்துகொண்டிருந்தன.

ரூபன் பக்கத்தில் போய் நின்றான். வீடு பற்றி எரிந்தாலும் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டு, சாப்பிட்டீர்களா என்று விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வருகிற ரகம் அவன்.

"ஏனுங்க, ஒரு அஞ்சு நிமிசம் எந்திரிச்சீங்கன்னா, சின்ன வேலை ஒண்ணு, முடிச்சுப்போட்டுப் போயிர்றனுங்க."

உதவி இயக்குநர் ஓடிவந்தார். "பிரதர், எதையும் தொடாதீங்க. அந்தக் காபி கப் நகர்ந்தாக்கூட கன்டினியூட்டி போயிடும், முந்தின ஷாட்டோட ஒட்டாது."

"சேலைக் கடை நின்னுபோச்சுங்க…"

இயக்குநர் திரும்பிப் பார்த்தார். "இந்த மூஞ்சியப் பாருய்யா! அழுவுறானா கெஞ்சுறானான்னே தெரியல. வேலை போற பையன் வேஷத்துக்கு இவனையே நிறுத்து."

பாலகோபாலிடம் முறையிடலாம் என்று போனான். அவருக்கும் படத்தில் வேஷம். மேலாளராகவே நடிக்கிறார். முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சார், நஞ்சப்பன் ஐயா போன் மேல போன் போடறாருங்க."

"இரு கண்ணு, பவுடர் கலைஞ்சுபோயிரும். ஒரே டேக்குதான்னு சொல்லியிருக்காங்க. பாத்துட்டிருக்கோம்னு அவருகிட்ட சொல்லிப்போடு."

சொன்னான். நஞ்சப்பன் மறுமுனையில் பொறுமையாகத்தான் கேட்டார். "ஏனுங்க தம்பி, ஊரையெல்லாம் வாங்க வாங்கன்னு கூப்புட்டுப்போட்டு, ஷட்டர எறக்கி வச்சாப்ல இருக்குதே?"

அதற்குள் ரூபனைக் கேமரா முன் நிறுத்திவிட்டார்கள். காட்சி இதுதான். கதாநாயகன் அதே நாற்காலியிலிருந்து வேடிக்கை பார்ப்பான். பாலகோபால் ரூபனிடம், 'நாளையிலிருந்து நீ வரவேண்டாம்' என்று கடுகடுப்பாகச் சொல்ல வேண்டும். அவருக்கு அது வரவில்லை. முதல் டேக்கில் சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்ததில் சொல்லிவிட்டு, ஆறுதலாக ரூபன் தோளைத் தட்டினார். பிறகு ஒரு தடவை, "தப்பா எடுத்துக்காத கண்ணு" என்று சேர்த்துவிட்டார். படப்பிடிப்புக் குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. ஆறு பேரை வீட்டுக்கு அனுப்பியபோது இவர் ஈமெயில்தான் அனுப்பினார் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

டேக் மேல் டேக்காக ரூபனுக்கு வேலை போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கைக்கெட்டும் தூரத்தில் விசைப்பலகை. அதன்மேல் கதாநாயகனின் கை. அந்தக் கையைத் தள்ளிவிட்டிருக்கலாம். ஒரு சத்தம் போட்டிருக்கலாம். அத்தனை பேர் வேலையைக் கெடுக்கிறோமே என்று அவனுக்குக் கூச்சமாக இருந்தது. தன் மேலேயே எரிச்சல் வந்தது.

மறுபடியும், "ஸ்டார்ட்!" என்றார்கள்.

இம்முறை அதிர்ந்தது பாலகோபாலின் போன். பெயரைப் பார்த்ததும் கேமராவை மறந்து எடுத்துவிட்டார். "சொல்லுங்க நஞ்சப்பண்ணா… ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க… மூணு வருசமா நாமதானுங்க… வேற கம்பெனியா? அண்ணா… அண்ணா…"

போனை இறக்கினார். பவுடருக்கு அடியில் முகம் கறுத்துவிட்டது. ரூபனைப் பார்த்தார். சிரிப்பில்லை, கை தோளுக்கு வரவில்லை.

"நாளையிலிருந்து நீ வரவேண்டாம்."

"ஓகே!" என்று இயக்குநர் துள்ளிக் குதித்தார். அறை முழுக்கக் கைதட்டல். "சார், பின்னிட்டீங்க! அந்தப் போன்ல பேசினது, சொந்தமா சேர்த்தீங்களா?"

பாலகோபால் விறுவிறுவென்று வெளியே போனார். இயக்குநர் ரூபனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உனக்குக் கண்ணுல தண்ணியே வந்திடுச்சே. தியேட்டர்ல சிரிப்பு அள்ளும் பாரு."

"ரொம்ப தேங்க்ஸுங்க" என்றான் ரூபன்.

கதாநாயகன் சோம்பல் முறித்துக்கொண்டு சாப்பிட எழுந்து போனான். நாற்காலி காலியாகிவிட்டது. ரூபன் உட்கார்ந்தான். பச்சை மழையை மூடினான். உள்ளே போய் நிறுத்தினான், மறுபடி ஓடவிட்டான். சைட் எழுந்துகொண்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து யாரோ ஒரு அம்மணி மாம்பழ நிறத்தில் சேலை எடுத்திருந்தார். அதைச் சொல்ல அறையில் ஆள் இல்லை. எல்லாரும் பிரியாணிக்குப் போயிருந்தார்கள்.