பால் வழியாத சந்து

1948ஆம் வருஷம் ஆடி மாதத்திலிருந்து பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்ப்பின் மூன்றாவது சந்தில் எந்த வீட்டிலும் பால் பொங்கி வழியவில்லை. விளிம்புவரை எழும்பும், நுரை அங்கேயே துடித்துக்கொண்டு நிற்கும். பெண்கள் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய், ஒரு சண்டை போட்டுச் சமாதானமாகி, திரும்பி வந்து இறக்கினார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். பேராச்சியின் புருஷன் சொரிமுத்து, சந்து முனைக் கொட்டகையில் பஞ்சாபகேசனின் ரேஸ் காருக்கு, நின்ற இடத்திலும் அணையாதபடி ஐடிலிங் வைத்திருந்தார். அந்த எஞ்சின் ஓடவிட்டால் சீறும், நிற்கவைத்தால் இருமிச் செத்துப்போகும். ஜுஹூ பந்தயத்தில் கொடி அசையுமுன்பே மூன்று முறை அணைந்திருக்கிறது. சொரிமுத்து கார்புரேட்டரில் காது வைத்து, காற்றுத் திருகை நூல் நூலாக நகர்த்தி, பதினெட்டாம் நாள் ஓர் இடத்தில் விட்டார். எஞ்சின் அணையவுமில்லை, எகிறவுமில்லை. அன்று சாயங்காலமே சந்தில் பாலும் நின்றது.

மார்கழிக் கடைசியில்தான் பேராச்சிக்கு உறைத்தது. மருமகள் சண்முகவடிவு வந்து முதல் பொங்கல்.

"பானை பொங்கலன்னா வந்தவ ராசின்னுவாளுவ. அந்தப் பிள்ள மொகத்தப் பாருங்க."

"மறுநா ரேசுட்டி. திருகத் தொட்டா அந்த எடம் திரும்பக் கெடைக்காது."

"பதினெட்டு நாளு எங்கூடப் பேசாம அதுகூடத்தான பேசுனிய. கேட்டாச் சொல்லாதோ?"

பொங்கல் காலையில் பஞ்சாபகேசனே வந்து காரை மறித்து நின்றார். "சொரிமுத்து, வேறே எதுவேணா கேளும். ஸ்க்ரூவைத் தொட்டீர்னா நான் தொலைஞ்சேன்."

பேச்சு வளர்ந்துகொண்டிருக்கையில், பானைக்குப் பொட்டு வைத்த கையோடு சண்முகவடிவு வந்தாள். குழைத்த குங்குமத்தால் திருகின் தலையிலும் பக்கத்து இரும்பிலும் ஒரே கோடாக இழுத்தாள்.

"திருப்புங்க மாமா. பொறவு கோட்டோட கோட்டச் சேத்துருங்க."

காது மட்டும் வைத்தவருக்கு அது தோன்றவில்லை. கால் சுற்றுத் திருப்பினார். எஞ்சின் இருமியது. முதலில் பேராச்சி வீட்டுப் பானை பொங்கியது; பிறகு நாற்பத்திரண்டு வீட்டிலும் ஆறு மாதமாய் வழியாத பாலெல்லாம் சேர்ந்து வழிந்து, சந்தில் கணுக்கால் அளவு ஓடியது. சப்பாத்து நனைய நின்ற பஞ்சாபகேசனும் "பொங்கலோ பொங்கல்" என்றார். கோடுகள் சேர்ந்தன. மறுநாள் ஜுஹூவில் எஞ்சின் கொடிக்குக் காத்து நின்று, இரண்டாவதாக வந்தது.

அதன் பிறகு வருஷா வருஷம் தை முதல் தேதி பஞ்சாபகேசன் காரைத் தானே ஓட்டி வந்து, கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு நிற்பார். சண்முகவடிவு குங்குமம் குழைப்பாள். மற்ற நாளெல்லாம் பால் அடுப்பில் இருக்கும், பெண்கள் குழாயடியில் இருப்பார்கள்.