நடுக்கம் தங்கிய வீடு

சர்ஜனின் மனைவி இறந்து, அடக்கமும் முடிந்து, வந்தவர்கள் வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகும், அவளுடைய நடுக்கம் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. காலையில் அது சமையலறை அலமாரியில் இருந்தது. கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. பகலில் ஜன்னலோரத்து நாற்காலிக்கு வந்தது. மாலையானால் கட்டிலின் இடப்பக்கம் போய்ச் சேர்ந்தது. உயிரோடு இருந்தபோது அவள் எந்த நேரத்தில் எங்கே இருப்பாளோ அந்த நேரத்தில் அது அங்கே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் தாமதமாக ஆரம்பித்தது, அவளும் அன்றைக்குத் தாமதமாகத்தான் எழுந்திருப்பாள்.

சாப்பிடும்போது தட்டில் காரை உதிர்கிறது என்று கீழ்வீட்டுக்காரர் புகார் கொடுத்தார். நகராட்சிப் பொறியாளர் ரசமட்டக் கட்டையோடு வந்தார், சுவரில் வைத்துப் பார்த்தார், காதை ஒட்டிக் கேட்டார். பக்கத்தில் ரயில் பாதை இல்லை, இயந்திரம் எதுவும் ஓடவில்லை. வீட்டுக்குள் யாரோ குளிரில் நடுங்குகிறார்கள், கட்டடத்துக்கு ஆபத்தில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எதிர்வீட்டு அம்மாள் விவரமானவள். தன்னுடைய இருமல் மருந்துப் பாட்டிலைக் கொண்டுவந்து நாற்காலியில் வைத்துவிட்டு, "நல்லா குலுக்கிட்டுக் குடிக்கணும்னு போட்டிருக்கு, எனக்குக் கை வலி" என்பாள். கோப்பைகள் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து விழுந்து உடைந்ததால், சர்ஜனின் ஒரே மகள் அலமாரியின் விளிம்பில் ஒரு மரச்சட்டத்தை ஆணியடித்து வைத்தாள். அதன் பிறகு உடையவில்லை. வீடு அதற்குப் பழகிவிட்டது.

சர்ஜன்தான் பழகவில்லை. அந்த நடுக்கம் எங்கே ஆரம்பித்தது என்று அவருக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் ஏசி எவ்வளவு குளிராக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் அவர். கனமான கவுன், இரட்டைக் கையுறை, தலைக்கு மேல் விளக்குகள் என்று நிற்கிறவருக்கு வேர்க்கும். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு திறந்த வயிற்றுக்குள் விழுந்துவிடக் கூடாதே என்பது அவர் கவலை. கதவைத் திறந்தால் மீன் ஏற்றும் லாரிக்குள் தலையை விட்டது போலிருக்கும். ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை ஐஸ்கட்டி என்றார்கள். அது அவர் காதிலும் விழுந்திருந்தது, உள்ளூரப் பெருமைதான். நோயாளிகள் ஒற்றைப் பச்சைத் துணிக்குக் கீழே பற்கள் தந்தியடிக்கக் காத்துக் கிடந்தார்கள். கத்திக்குப் பயந்து நடுங்குகிறார்கள் என்று அங்கே எல்லோரும் சொன்னார்கள். படிக்க வந்த மாணவர்களுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தார்கள். ஒருவர் பாதத்தையாவது யாரும் தொட்டுப் பார்த்ததில்லை.

மனைவிக்குக் குடலில் ஒரு சின்னக் கட்டி. சொந்த வீட்டு ஆளுக்குத் தானே கத்தி வைப்பதில்லை என்பதால் நண்பர் ஒருவர் ஆபரேஷன் செய்தார். சர்ஜன் அவள் தலைமாட்டில் நின்றார். மேஜையே ஆடும்படி அவள் நடுங்கினாள்.

"ஊருக்கெல்லாம் தைரியம் சொல்றவன் பொண்டாட்டி, நீயே இப்படிப் பயந்து நடுங்கலாமா?" என்று கிண்டல் செய்தார்.

"பயமெல்லாம் இல்லைங்க. குளிருது."

"கொஞ்ச நேரந்தான்" என்றார்.

நண்பர் செய்ததில் ஒரு குறையும் இல்லை. கட்டி சுத்தமாக வெளியே வந்தது. தைத்த இடம்தான் ஆறாமல் சீழ் பிடித்தது, சீழ் ரத்தத்தில் கலந்தது. அதற்குப் பிறகும் சில நாள் அவள் இருந்தாள், பேசினாள், மாடித் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் விட்டீர்களா என்று கேட்டாள். அவருக்கு அதெல்லாம் மறந்துவிட்டது. பயமெல்லாம் இல்லைங்க, குளிருது என்றது மட்டும் மறக்கவில்லை.

வீட்டில் இருந்த போர்வைகளையெல்லாம் அந்த நாற்காலிமேல் போட்டுப் பார்த்தார். கம்பளி வாங்கிவந்து போட்டார், தன் கோட்டைக் கழற்றிப் போட்டார். குவியலும் சேர்ந்து நடுங்கியது. பிறகு ஒரு நாள் தியேட்டரில், குடலிறக்கத்துக்காகப் படுத்திருந்த ஒரு பஸ் டிரைவரின் பாதத்தை, ஏனென்று தெரியாமல் தொட்டார். கல்லாகச் சில்லிட்டிருந்தது. பயமா என்று கேட்டதற்கு அந்த ஆள் கோபப்பட்டுவிட்டார். "நான் மலைப்பாதையில பஸ் ஓட்டறவன் சார், பிரேக் இல்லாமலே இறங்கியிருக்கேன். குளிருது சார், வேற ஒண்ணும் இல்ல." சர்ஜன் ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டு, வார்டிலிருந்து போர்வைகளைச் சுடச்சுடக் கொண்டுவரச் சொல்லிப் போர்த்தினார். அன்று அவர் வீட்டுக்கு வந்தபோது கோப்பைகள் சத்தமில்லாமல் இருந்தன. அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி ஆரம்பித்தன. சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதார்.

மறுநாளே சுகாதாரத் துறைச் செயலாளரைப் போய்ப் பார்த்தார். இனிமேல் எந்த ஆஸ்பத்திரியிலும் நோயாளியைக் குளிரில் கிடத்தக் கூடாது, உடனே உத்தரவு போடுங்கள் என்றார். செயலாளர் பொறுமைசாலி. முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்க வீட்டுக் கோப்பை ஆடுறதை நான் நம்புறேன் டாக்டர். எங்க பெரியம்மா போனப்புறம் எங்க வீட்டுல ஒரு வருஷம் தும்மல் சத்தம் கேட்டுச்சு. ஆனா அதை வெச்சு நாட்டுல இருக்கிற அத்தனை ஆஸ்பத்திரிக்கும் உத்தரவு போட முடியாது. கதகதப்பா வெச்சா புண்ணு நல்லா ஆறுதுன்னு காட்டுங்க. நானே கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

அப்படித்தான் அந்த ஆராய்ச்சி ஆரம்பித்தது. ஆபரேஷனுக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்குச் சூடான காற்று ஊதும் போர்வை, பாதிப்பேருக்கு வழக்கமான பச்சைத் துணி. யாருக்கு எது என்பதை, சீட்டைக் குலுக்கி உள்ளே போட்டு ஒட்டிவைத்த உறைகள் தீர்மானித்தன. சர்ஜன் தீர்மானிக்க முடியாது. நோயாளிகளிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள், சம்மதித்தவர்களை மட்டும் சேர்த்தார்கள். பிறகு புண்ணைப் பார்க்கிற டாக்டருக்கு, யார் எந்தப் பக்கம் என்பது தெரியாது. உறைகள் தியேட்டரின் பெரிய சிஸ்டரிடம் இருந்தன. ஒருமுறை, வயதான ஒருவர் மிகவும் நடுங்குவதைப் பார்த்து, உறையை மாற்றிவிடலாமா என்று சர்ஜன் கண்ணாலேயே கேட்டார். "வெளிய போங்க சார்" என்றாள் சிஸ்டர்.

மகளுக்கு விஷயம் தெரிந்தபோது வீட்டில் பெரிய சண்டை வந்தது. "தெரிஞ்சே பாதிப்பேரைக் குளிர்ல போடுவீங்களாப்பா? அம்மாவைப் போட்டது போதாதா?"

"எனக்குத் தெரியாதும்மா. நம்புறேன், அவ்வளவுதான். ஏசியைக் கூட்டி வெச்சப்பவும் எனக்குத் தெரியும்னுதான் நம்பினேன்."

மகள் அந்த வாரமே வேலைக்கு வேறு ஊர் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். போனில் வானிலை மட்டும் பேசினாள். சர்ஜனும் நடுக்கமும் தனியாக இருந்தார்கள். அவர் ஜன்னலோர நாற்காலிக்கு எதிரே இன்னொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தியேட்டரில் நடந்ததையெல்லாம் சொல்வார். சுவாரசியமான இடத்தில் நாற்காலிக் கால்கள் தரையில் வேகமாகத் தட்டும்.

இரண்டாவது வருஷத்தில் ஒரு தையல்காரி இறந்தாள். பச்சைத் துணிப் பக்கத்து உறை வந்தவள். அவள் புருஷன் சர்ஜனின் அறைக்கு வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே, "இன்னொரு உறை வந்திருந்தா பொழைச்சிருப்பாளா டாக்டர்?" என்று கேட்டார். தெரியாது என்றார் சர்ஜன். அது உண்மை. அந்த மனிதர், தெரிய வரும்போது தனக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பும்படி கேட்டுக்கொண்டு போனார். அன்றைக்கு வீட்டில் ஜன்னல் கண்ணாடி ஒன்று கீறல் விட்டது. அதை அவர் மாற்றவேயில்லை.

கடைசி உறையும் பிரிந்து, கணக்கெடுப்பும் முடிந்தபோது, கதகதப்பாக இருந்தவர்களில் சீழ் பிடித்தவர்கள், பச்சைத் துணிப் பக்கம் சீழ் பிடித்தவர்களில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய சிஸ்டர் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பெரிய ஆஸ்பத்திரியில் அன்றே எல்லோருக்கும் போர்வை வந்தது. சர்ஜன் தையல்காரியின் புருஷனுக்கு ஆள் அனுப்பாமல் தானே நடந்து போய், அநேகமாகப் பிழைத்திருப்பாள் என்று சொன்னார். புருஷன் தலையாட்டிவிட்டு, தையல் மெஷினை மூடியிருந்த துணியைச் சரிசெய்தார்.

வீட்டுக்கு வந்தால், கட்டில் அசையாமல் இருந்தது. சில நாளில் நாற்காலியும் நின்றுபோனது. பிறகு அலமாரியில் ஒவ்வொரு கோப்பையாக அடங்கி, கடைசியில் அவள் காபி குடிக்கும் நீலக் கோப்பை ஒன்று மட்டும் காலையில் மெல்ல ஆடியது. அது மற்ற ஊர்களுக்காக, இன்னும் பச்சைத் துணிக்குக் கீழே கிடப்பவர்களுக்காக ஆடியது. அறிக்கை செயலாளரிடம் போய், உத்தரவும் வந்துவிட்டால் அதுவும் நின்றுவிடும் என்பது சர்ஜனுக்கு அப்போதுதான் உறைத்தது. அறிக்கையை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். செயலாளர் கேட்டபோதெல்லாம் ஒரு கணக்கைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்றார். மழைக்காலம் முழுவதும் அப்படியே போனது. தினமும் காலையில் நீலக் கோப்பைக்கு எதிரே உட்கார்ந்து தன் காபியைக் குடித்தார். பல வருஷங்களில் அவர் அப்படிச் சந்தோஷமாக இருந்ததில்லை. அந்த மழைக்காலத்தில் மற்ற ஊர்களில் எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது என்பதை அவரால் ஓரளவு சொல்ல முடியும். அவர் அந்தக் கணக்கைப் போடவில்லை.

மகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். அறிக்கை இன்னும் வரவில்லையே, உங்கள் அப்பாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று செயலாளர் அவளிடம் விசாரித்திருந்தார்.

"அனுப்பினா உங்க அம்மா போயிடுவா" என்றார் சர்ஜன்.

மகள் அலமாரிக்குப் போய் நீலக் கோப்பைமேல் கையை வைத்தாள். அது அவள் உள்ளங்கைக்குள் குருவிக்குஞ்சு போல நடுங்கியது. அவள் அதுவரை அப்படித் தொட்டதில்லை. ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.

"அம்மா போயாச்சுப்பா. அவங்களுக்கு இன்னும் குளிருது, அதுதான் இங்க மிச்சம். நமக்குத் துணை வேணும்னு அவங்களைக் குளிர்லயே நிக்க வெச்சிருக்கோம்."

சர்ஜன் இழுப்பறையைத் திறந்தார். முன்பு மனைவியிடம் கொஞ்ச நேரந்தான் என்று சொன்னது அவருக்கு நினைவு வந்தது. அந்தக் கொஞ்ச நேரம் பல வருஷமாக நீண்டுவிட்டிருந்தது.

செயலாளர் சொன்ன சொல் தவறவில்லை. சிலர் செலவு என்றார்கள், சிலர் இதுவரை இல்லாத பழக்கம் என்றார்கள், ஆனால் எண்கள் மேஜைமேல் இருந்தன. நோயாளியைக் கதகதப்பாக வைக்காமல் மயக்க மருந்து கொடுக்கக் கூடாது என்று எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் உத்தரவு போனது. சர்ஜன் அதில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார்: குளிருகிறதா என்று நோயாளியிடம் கேட்க வேண்டும், குளிருகிறது என்றால் அதைப் பயம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உத்தரவு அமலுக்கு வந்த காலையில் அப்பாவும் மகளும் அலமாரி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நீலக் கோப்பை வழக்கம்போல் ஆரம்பித்தது, கொஞ்சம் தயங்கியது, நின்றது. மகள் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். காபி ஆறிப்போனது.

வருஷங்கள் ஓடின. எங்கெங்கோ, இறந்திருக்க வேண்டியவர்கள் இறக்காமல் வீட்டுக்குப் போனார்கள். தாங்கள் தப்பித்தோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. சர்ஜனுக்கு வயதாகி, பித்தப்பையில் கல் வந்து, அதே தியேட்டரில் அதே மேஜையில் ஏறிப் படுத்தார். சூடான காற்று ஊதும் போர்வை அவரைக் கழுத்துவரை மூடியது. அவரை இன்னார் என்று தெரியாத ஒரு இளம் நர்ஸ் குனிந்து, "குளிருதா தாத்தா?" என்று கேட்டாள்.

இல்லை என்றார். பிறகு, "இதைக் கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமாம்மா? ஒரே ஒரு நிமிஷம். குளிரட்டும்" என்றார்.

"ஐயோ, முடியாது தாத்தா. உத்தரவு. யாரோ ஒரு டாக்டர் போட வெச்சதாம், பயங்கரக் கண்டிப்பான ஆளாம்."

அவர் கண்ணோரத்தில் வழிந்ததை அவள் துடைத்துவிட்டு, பயப்படாதீங்க என்றாள்.

"பயமெல்லாம் இல்லம்மா" என்றார் சர்ஜன். "கதகதப்பா இருக்கு."

புண் சுத்தமாக ஆறியது. வீட்டுக்கு வந்ததும் அவர் அலமாரி விளிம்பிலிருந்த மரச்சட்டத்தைக் கழற்றினார், ஆணிகள் துருப்பிடித்திருந்தன. நீலக் கோப்பையைத் துடைத்து, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக விளிம்பில் வைத்தார். ஒரு சின்ன அசைவு இருந்தாலும் விழுந்துவிடும். மகள் வரும்போதெல்லாம் அதைப் பார்ப்பாள், உள்ளே தள்ளி வைக்க மாட்டாள். அது இதுவரை விழவில்லை.