துடைப்பம் சாய்க்காத கதவு

துடைப்பத்தைக் கதவில் சாய்த்துவிட்டு வந்தேனா... இல்லை, மூன்று மாதமாகச் சாய்த்ததே இல்லை, இன்றைக்கு மட்டும் எப்படிச் சாய்த்திருப்பேன், எங்கள் பக்கத்தில் அதுதானே பூட்டு, வெளியே கிளம்புகிறவன் துடைப்பத்தைக் கதவில் சாய்ப்பான், வருகிறவன் அதைப் பார்த்து வீட்டில் ஆளில்லை என்று திரும்பிப் போவான், ஹில்யாவும் அப்படித் திரும்பிப் போய்விட்டால்? செத்துப்போன பெண்டாட்டிக்குத் துடைப்பம் என்ன, கதவு என்ன என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். சைபருக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி, மூச்சு இழுத்தால் மூக்கு ஒட்டிக்கொள்கிறது, காலில் கட்டிய சறுக்குக் கட்டை சறுக்கவே மாட்டேன் என்கிறது, இந்தக் குளிரில் பனி மணலாகிவிடும், ஒவ்வொரு அடியையும் இழுத்துத்தான் போக வேண்டும். மரத்துக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருக்கிறது.

எல்லாம் யால்மரியால், ஹில்யாவின் அண்ணனால், நேற்று காப்பிக்கு வந்தவன் மேசையில் இருந்த இரண்டு கோப்பைகளையும் பார்த்தான், "இன்னொண்ணு யாருக்கு மாப்ள?" என்றான், "உனக்குத்தான்" என்றேன், "நான் வர்றது எனக்கே காலையிலதான் தெரியும், உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை. "போய் வெட்டிட்டு வா ஒய்வா," என்று என் பெயரைச் சொன்னான், "உன்னால முடியாட்டி சொல்லு, நான் வெட்டறேன்." வெட்ட வேண்டியது எங்கள் குடும்பத்துப் பைன் மரத்தில், வீட்டுக்கும் கல்லறைக்கும் நடுவழியில் நிற்கிறது, சவப்பெட்டி போகும்போது அங்கே நிறுத்தி, பட்டையைச் செதுக்கி, சிலுவையும் பெயரின் இரண்டு எழுத்தும் ஆண்டும் வெட்டி, ஆளுக்கு ஒரு வாய் சாராயம் குடிப்போம், செத்தவர் எழுந்து வீட்டை நோக்கி நடந்தால் அந்த எழுத்தைப் பார்ப்பார், அட நான்தான் செத்துவிட்டேனே என்று நினைவு வந்து திரும்பிவிடுவார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நான்தான் வெட்டினேன். நவம்பரில் ஹில்யாவை ஏற்றிய வண்டி அங்கே வேகம் குறைந்தபோதுதான் கத்தினேன், நிறுத்தாதே, அவ வரட்டும்... யால்மரி கத்தியை மடியிலேயே வைத்துக்கொண்டான், மற்றவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

வந்தாளா? கனவில்கூட இல்லை, ஒரு படி கிறீச்சிடவில்லை, வழியைத் திறந்து வைத்தும் வரவில்லை, நாற்பத்தொரு வருஷம் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் வாயை மூடாதவள்.

காடு என்ன அழகாக இருக்கிறது, சனியன். பனியின் பாரத்தில் மரங்கள் எல்லாம் தலை குனிந்து நிற்கின்றன, நடுப்பகல் வெயில் உச்சிகளை மட்டும் தொட்டுவிட்டு இறங்காமல் நிற்கிறது, கீழே எல்லாம் நீலம், எங்கோ ஒரு மரம் குளிரில் படீரென்று வெடிக்கிறது, பிறகு ஒன்றுமே இல்லை, கட்டையை நிறுத்தினால் என் மூச்சுகூட அதிகப்படியாகக் கேட்கிறது. இந்த இடத்தில்தான் அவள் நிற்கச் சொல்வாள், "புலம்பாம ஒரு நிமிஷம் நில்லு கிழவா, இதைப் பாரு," நான் கால் விறைக்கிறது என்பேன், அவள் நிற்பாள், நான் முன்னே போய்விடுவேன்... இப்போது நிற்கிறேன், பார்க்கிறேன், யாருக்கு என்ன பிரயோசனம்? ஒரு முயல் குறுக்கே போன தடம், அதற்கும் வேலை இருந்திருக்கிறது.

பைன் வந்துவிட்டது. தண்டில் ஒரு பக்கம் முழுக்கப் பனி அப்பியிருக்கிறது, சவ வண்டி போன அன்றும் இப்படித்தான் அப்பியிருந்தது, கையுறையால் தட்டுகிறேன், அப்பாவின் சிலுவை, ஓரம் மூடிக் கருத்துவிட்டது, அதன் கீழே அம்மா, அம்மாவுக்குக் கீழே இடம் பார்க்க வேண்டும், தட்டுகிறேன்... இது என்ன? பட்டை செதுக்கியிருக்கிறது. சிலுவை. ஹில்யாவின் இரண்டு எழுத்து. திருட்டுப்பயல் யால்மரி, எனக்குத் தெரியாமல் வந்து வெட்டிவிட்டு நேற்று நாடகம் ஆடினானா, அதனால்தான் அவள் வரவில்லையா, வரப் பார்த்து இங்கே வரை வந்து திரும்பியிருக்கிறாளா? ஒரு நொடி, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

பிறகு கையுறையைக் கழற்றித் தடவினேன், விரலில் தட்டியது, பிசின். எழுத்துகளின் மேல் மஞ்சளாக வழிந்து, சொட்டு சொட்டாக உறைந்து, கல்லாகி. நவம்பருக்குப் பிறகு வெட்டிய மரம் இப்படி வழியாது, குளிரில் மரத்துக்குச் சாறு ஓடாது, காட்டில் வளர்ந்த குழந்தைக்கும் தெரியும், இது வெயில் காலத்தில் வெட்டியது.

ஆகஸ்ட். நீலப்பழம் பறிக்கப் போகிறேன் என்று தனியாகப் போனாள், வாளி காலியாகத் திரும்பி வந்தது, இரண்டு கையிலும் பிசின், நான் வாசலில் உட்கார்ந்துகொண்டு, "பழத்தைப் பறிக்கச் சொன்னா மரத்தையா பறிச்ச?" என்றேன், "வயித்து வலி, குனிய முடியல," என்று வெண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், நெடுநேரம் தேய்த்தாள், நான் அன்று பழப் பணியாரம் இல்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்... அக்டோபரில் விழுந்த பிறகுதானே வியாதியைச் சொன்னாள், டாக்டர் அப்போதுதான் கண்டுபிடித்ததாக அல்லவா சொன்னாள்! ஆகஸ்டிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்து, வலியோடு, இவ்வளவு தூரம் நடந்து வந்து, என் பழைய கத்தியால், தானே.

எழுத்துகளுக்குக் கீழே ஒரு கையகலத்துக்குப் பட்டையைச் செதுக்கி வழவழப்பாக விட்டிருக்கிறாள், ஆண்டு வெட்டவில்லை, அந்த வருஷமா அடுத்ததா என்று அவளுக்கே தெரியவில்லை போலிருக்கிறது, அதை மட்டும் எனக்கு விட்டிருக்கிறாள். நான் திறந்து வைத்த வழியை அவள் எப்போதோ அடைத்துவிட்டாள். ஏன்? வந்தால் நான் பயப்படுவேன் என்றா, இரண்டாவது கோப்பையை வைத்துக்கொண்டு இப்படிக் கிடப்பேன் என்று தெரிந்தா, இல்லை, நாற்பத்தொரு வருஷம் போதும் என்றா? கேட்க ஆள் இல்லை.

கத்தியை எடுத்தேன், ஆண்டின் முதல் இலக்கத்தை வைத்துப் பார்த்தேன், மரம் இரும்பாக இருக்கிறது, முனை வழுக்கிப் போகிறது, இன்னும் அழுத்தினால் வெட்டலாம், விரலில்தான் உணர்வில்லை. வெயில் உச்சிகளை விட்டுவிட்டது. இனிமேல் துடைப்பத்தைச் சாய்த்துவிடலாம், யாரும் வரப்போவதில்லை... ஆனால் அதை வெளியே கிளம்பும்போதுதானே சாய்ப்பார்கள், வீட்டுக்குள் நான் இருக்கும்போது சாய்க்கலாமா?