தடுப்புப் பட்டியலில் நாற்பத்தொரு கடிதங்கள்

கம்பெனி கம்ப்யூட்டர்களைக் கவனிக்கிற அவள் நான்கு வருடமாகக் கரடியாய்க் கத்தினாள். மெயில் சர்வருக்கு வயதாகிவிட்டது, மாற்றுங்கள், ஒருநாள் காலை வாரிவிடும் என்று. யார் காதில் ஏறியது? ஏணி விற்கிற கம்பெனிக்கு இது போதும் என்று மேனேஜர் ஒரே போடாகப் போட்டுவிடுவார். வாரம் தவறாமல் மெயில் நிற்கும். நின்றதும் மூன்று மாடியும் அவளைத்தான் திட்டும்.

அப்படிப்பட்ட மனிதர் அன்று காலை ஒன்பதரைக்குத் தானே சர்வர் அறைக்கு வந்து நின்றார். அறை என்பது பேச்சுக்குத்தான். கால் உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே ஒரு மேஜை, ஒரு ஏசி, அது சொட்டுகிற தண்ணீருக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. ஜன்னலுக்குக் கீழே லாரியில் ஏணி ஏற்றுகிற சத்தம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்.

"புது சர்வர் வந்திருக்கும்மா. இன்னைக்கே மாத்திடு. ஆளுங்களோட மெயில் மட்டும் போதும், மத்த குப்பை எதுவும் புதுசுக்கு வரவேணாம். பழைய டிஸ்கைச் சுத்தமா அழிச்சிடு. நாலு மணிக்குள்ள முடியணும்."

"இன்னைக்கேவா சார்? நாலு வருஷமா..."

"கேட்டே, கொடுத்தாச்சு. அப்புறம் என்ன கேள்வி?"

அசட்டுப் பெண், முதலில் சந்தோஷம்தான் பட்டாள். "குறிப்பக்காவுக்கு விடிவுகாலம் வந்தாச்சு!" என்று பக்கத்து அறை டைப்பிஸ்ட் கிண்டலடித்தாள். அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. சர்வரில் எதை மாற்றினாலும், யார் சொன்னது, எப்போது, எதற்கு என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவைப்பது அவள் வழக்கம். தும்மினால்கூடக் குறிப்பு எழுதுவாள் என்று ஆபீஸே சிரிக்கும்.

பதினொரு மணிக்கு வேலை பாதியில் நின்றது. மெயில்களை மூட்டை கட்டப் பழைய டிஸ்கில் துளி இடமில்லை. எந்தப் பாழாய்ப்போனது இவ்வளவையும் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தேடிப் போனாள். தடுக்கப்பட்ட மெயில்களை ஒதுக்கிவைக்கும் ஃபோல்டர். யார் அனுப்பியது அதிக இடம் பிடிக்கிறது என்று வரிசைப்படுத்தினாள். முதலிடத்தில் ஒரே ஒரு முகவரி. நாற்பத்தொரு மெயில்கள், ஒவ்வொன்றிலும் கத்தை கத்தையாகப் போட்டோ.

முதல் மெயிலைத் திறந்தாள்.

'ஐயா, இது என் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் பதில் இல்லை. உங்கள் மடக்கு ஏணியின் கொக்கி தானாகக் கழன்று என் மனைவி விழுந்துவிட்டாள். நான் தையல்காரன், எனக்கு இயந்திரம் தெரியாது. ஆனாலும் கொக்கியை எல்லாப் பக்கமும் படம் எடுத்திருக்கிறேன். தயவுசெய்து பாருங்கள்.'

ஒன்பதாவது மெயிலில் அந்த மனிதர் அதே ஏணியை இன்னொன்று வாங்கி, மணல் மூட்டை ஏற்றிச் சோதித்திருந்தார். அதன் கொக்கியும் கழன்றது. இருபதாவதில், மனைவி இனி நடக்கமாட்டாள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள், எனக்கு எதுவும் வேண்டாம், விற்பதை மட்டும் நிறுத்துங்கள் என்று எழுதியிருந்தார். கடைசி மெயிலில் ஒரே வரி. 'இவற்றை யாராவது படிக்கிறீர்களா?'

எந்தப் படுபாவி இவரைத் தடுத்தது? தடுப்புப் பட்டியலைத் திறந்தாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. அவளுடைய லாகின். பக்கத்தில் அவள் எழுதிய குறிப்பு: 'மேனேஜர் போனில் சொன்னார். தொல்லை கொடுக்கும் ஆள், தடுக்கவும்.'

தடுத்த படுபாவி அவளேதான். ஒரு மெயிலைத் திறந்து பார்க்க எத்தனை நொடி ஆகியிருக்கும்? சொன்னார், செய்தாள், குறிப்பும் எழுதினாள், டீ குடிக்கப் போய்விட்டாள். தன்னைத்தானே அறையலாம் போல இருந்தது.

சட்டென்று இன்னொன்று உறைத்தது. போன வருடம் ஆண்டு விழாவில் ஊழியர் எல்லோருக்கும் அதே ஏணியைத்தான் பரிசாகக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, அந்த ஏணி எங்க?"

"இப்பதான் பரண்லேருந்து இறங்கினேன். ஏன்?" என்றான் கணவன்.

"அதைத் தூக்கி மூலையில போடுங்க. இனிமே யாரும் ஏறக்கூடாது."

"ஏண்டி இப்படிப் பாயுறே?"

"பாயாம? வந்து சொல்றேன், வைங்க!"

விடுவிடுவென்று மேனேஜர் அறைக்குப் போனாள். "நம்ம ஏணில விழுந்தவங்க வீட்டுக்காரரோட மெயில் நாற்பத்தொண்ணு கிடக்கு சார். தடுக்கச் சொன்னது நீங்க."

அவர் கதவைச் சாத்தினார். "அந்த ஆள் வக்கீல் வெச்சு நோட்டீஸ் விட்டிருக்கான். புகாரே வரலைன்னு நாம எழுதிக் கொடுத்தாச்சு."

"வந்துச்சே சார்!"

"எங்க வந்துச்சு? நாலு மணிக்கு மேல எங்கேயும் இருக்காது." குரலைத் தாழ்த்தினார். "தடுத்தது உன் கை. நான் போன்ல சொன்னேன்னு எவன் சாட்சி சொல்லுவான்? வேலை வேணுமா வேணாமான்னு நீயே முடிவு பண்ணிக்க."

அப்போ இதுக்குத்தான் புது சர்வர்! நான்கு வருடம் கெஞ்சியபோது வராத பெட்டி, நாற்பத்தொரு கடிதத்தைக் கொளுத்த ஒரே நாளில் வந்துவிட்டது. தலையில் மிளகாய் அரைப்பதற்கும் ஓர் அளவு வேண்டாமா? சர்வர் அறைக்குத் திரும்பினாள்.

லாட்டரி விழுந்ததாகப் புளுகுகிற மெயில்களையெல்லாம் அழித்து இடம் பண்ணினாள். ஆட்களின் மெயில்கள் ஒவ்வொன்றாகப் புது சர்வருக்குப் போயின. கூடவே அந்த நாற்பத்தொன்றும் போயின. தடுப்புப் பட்டியலில் அந்த ஒரு வரியை நீக்கினாள். நீக்கியது யார், எதற்கு என்று குறிப்பும் எழுதினாள். பழைய டிஸ்கைக் கழற்றித் தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினாள்.

மூன்றே முக்காலுக்கு மேனேஜர் வாசலில் வந்து நின்றார். "முடிஞ்சுதா?"

"புது சர்வர் ஓடுது சார்."

"ஒரு டெஸ்ட் மெயில் அனுப்பிப் பாரு. ஒழுங்காப் போகுதான்னு தெரியணும்."

"அனுப்பிட்டேன் சார்."

"யாருக்கு?"

அவர் சட்டைப்பையில் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார். தையல்காரருக்குப் போன மெயில், மேனேஜருக்கும் முதலாளிக்கும் கம்பெனி வக்கீலுக்கும் ஒரு நகல்.

'ஐயா, உங்கள் நாற்பத்தொரு கடிதங்களும் வந்தன. இன்றுதான் படித்தேன். தடுத்தது நான். யார் சொல்லித் தடுத்தேன் என்று அன்றே எழுதிவைத்த குறிப்பை இணைத்திருக்கிறேன்.'

அவர் முகம் வெளுத்தது. "உன் சீட்டு கிழிஞ்சுதுன்னு வெச்சுக்கோ!"

"கிழிங்க சார். இத்தனை நாள் இந்த நாற்காலியில உட்கார்ந்திருந்ததுக்கே எனக்கு வெட்கமா இருக்கு!"

கம்ப்யூட்டர் டிங் என்றது. புது சர்வருக்கு வெளியிலிருந்து வந்த முதல் மெயில். தையல்காரர் திட்டவில்லை, நன்றியும் சொல்லவில்லை. ஒரே வரிதான் கேட்டிருந்தார். 'அந்த ஏணியை விற்பதை நிறுத்திவிட்டீர்களா?'

ஜன்னலுக்குக் கீழே லாரியில் ஏணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிற சத்தம் கேட்டது. அவள் எழுந்து நின்று, கீபோர்டை மேனேஜர் பக்கம் தள்ளினாள்.

"உங்களைத்தான் கேக்குறார். பதில் அடிங்க சார்."