மைனரின் இடுப்பு

எங்கள் மைனர் தெருவில் இறங்கினால் லாரிகூட ஒதுங்கி நின்று வழிவிடும். பழுப்பு உடம்பு, இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டி வெட்டி ஓர் ஒய்யார நடை. நாய்க்கு மைனர் என்று பெயர் வந்ததே அதனால்தான். இவன் குட்டிகளும் இதே நடையோடுதான் பிறக்கும் என்று பாதித் தெருவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். மீதித் தெரு அன்று ஊரில் இல்லை.

பெண், சம்பந்தியம்மா ஆகப்போகிறவர் வீட்டு நாய் ராணி. அந்த அம்மாள் ஒரே நிபந்தனைதான் போட்டார்.

"எங்க ராணிக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்தாச்சு, சுத்தம். உங்க பிள்ளைக்கும் எடுத்துட்டு வாங்க சம்பந்தி."

"இந்த இடுப்புக்கா? எக்ஸ்ரே மெஷினே வெட்கப்படுமே!"

"படட்டும். எனக்குப் படம் வேணும்."

மயக்க ஊசி போட்டதும் மைனர் விட்ட குறட்டையில் ஆஸ்பத்திரி ஜன்னலெல்லாம் கிடுகிடுத்தது. மல்லாக்கப் படுக்கவைத்து, பின்னங்கால்களை நேராக நீட்டிப் படம் பிடித்தார்கள். டாக்டரம்மா திரையைக் காட்டினார்.

"தொடை எலும்போட தலை, கிண்ணத்துல பந்து மாதிரி அமுங்கி உட்காரணும் சார். இங்க பாருங்க, பாதி வெளிய நிக்குது. இது பரம்பரையா வர்ற கோளாறு. குட்டிகளுக்கும் வரலாம். ஜோடி சேர்க்காதீங்க."

"அப்போ அந்த நடை?"

"வலிக்காம இருக்கத்தான் அப்படி வளைஞ்சு நடக்கிறான். மாத்திரை தர்றேன், அவன் எடையைக் குறைங்க. சௌக்கியமா இருப்பான்."

பதிலுக்கு ஒரு புளுகுகூட விடாமல் படத்தை வாங்கிக்கொண்டேன். வீட்டில் சொன்னபோது இதைத்தான் யாரும் நம்பவில்லை.

வெளியே வந்ததும் நாக்கு அரித்தது. 'இரும்பு இடுப்பு, மெஷின் தோத்துப் போச்சு' என்று சம்பந்தியம்மாவிடம் ஒரு போடு போட்டால் எப்படி? மயக்கம் தெளியாத மைனர் தள்ளாடி வந்து என் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்தான். ஃபோனை எடுத்தேன்.

"சம்பந்தி, மாப்பிள்ளை தேறலை. இடுப்பு மோசம்."

"எவ்வளவு மோசம்?"

"பாதி மூட்டு வெளியில."

"நீங்க சொன்னா அதுல நாலுல ஒரு பங்குதானே நிஜம்னு கணக்கு?"

"இல்லம்மா. இந்த ஒரு தடவை முழுக் கணக்கு."

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது.

"கலியாணம் நின்னாலும் பரவாயில்லை, உங்க வாயில உண்மை வந்துச்சே! சரி, ராணிக்கு வேற பையன் பாருங்க. உங்களுக்குத்தான் எல்லா நாயையும் தெரியும். ஆனா ஒண்ணு, வர்ணனை வேண்டாம். எக்ஸ்ரே படத்தை மட்டும் அனுப்புங்க."