மோக்கின்

துரைராஜா வட்டுக்கோட்டையில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். ஒருவருக்கும் தெரியாத ஆங்கிலச் சொற்களைத் தேடிப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தேநீருக்கு வருகிறவர்களிடம் எடுத்துவிடுவதில் அவருக்கு அலாதி இன்பம். மனைவி மீனாம்பிகைக்கும் அப்படியொரு சொல் வைத்திருந்தார். "மை மோக்கின்" என்பார்.

மோகினி என்பதைத்தான் ஆங்கில வாயால் அப்படிச் சொல்கிறார் என்று அவள் நம்பியிருந்தாள். தொண்ணூற்றைந்தாம் ஆண்டுப் போர் இடப்பெயர்வில் மாற்றுடுப்புக்கூட இல்லாமல் தென்மராட்சிக்கு வந்த அவருடைய குடும்பத்துக்கு இடம் கொடுத்தவர் அவளுடைய தகப்பன் கதிரவேலு. தோட்டப் பயிர் செய்தவர். அங்கே கண்டு விரும்பி, சைவப் பெண் வேண்டாமென்று வேதக்காரத் தாய் அழுது தடுத்தும் கேளாமல் அவளைக் கட்டினார் துரைராஜா. அப்படிக் கட்டியவர் மோகினி என்று கூப்பிடாமல் வேறெப்படிக் கூப்பிடுவார்?

போன ஆவணியில் பக்கத்து வீட்டு நதானியேலும் பியாட்றிஸும் மெல்பேணிலிருந்து வந்திருந்த மகள் ஷாமினியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஆண்கள் விறாந்தையில் இருக்க, பெண்கள் குசினிக்குள் வடை சுட்டார்கள்.

"அன்ரி, அங்கிள் ஏன் உங்களை அப்பிடிக் கூப்பிடுறார்?" என்றாள் ஷாமினி.

மீனாம்பிகைக்கு வெட்கம் வந்துவிட்டது. "மோகினி எண்டுதான் பிள்ளை. இங்கிலீசிலை அப்பிடித்தான் வருமாக்கும்."

ஷாமினி சிரிக்கவில்லை. போனில் தேடிப் பார்த்தாள். பிறகு திரையை மறைக்கப் போனாள். மீனாம்பிகை அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பினாள். வயலில் ஒரு தடி. அதில் கந்தல் சட்டை, வைக்கோல் தலை.

"வெருளியெல்லோ இது?"

"ஓம் அன்ரி. அதோடை... ஊத்தையா, அலங்கோலமா திரியிற பொம்பிளைக்கும் சொல்லுறதாம்."

எண்ணெய் புகைந்தது. மீனாம்பிகை அடுப்பை நிறுத்திவிட்டு பியாட்றிஸைப் பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்குத் தெரியுமோ?"

பியாட்றிஸ் சேலைத் தலைப்பைத் திருகினாள். "துரை அண்ணை எங்களுக்கு முதலே அர்த்தம் சொன்னவர். பகிடிக்குத்தானே எண்டு... நீர் வேறை அதிலை சந்தோசப்பட்டீர். நான் என்னெண்டு சொல்லுறது?"

ஒவ்வொரு ஞாயிறும் அந்த விறாந்தையில் எழுந்த சிரிப்புக்குத் தானும் கூடச் சிரித்தது மீனாம்பிகைக்கு நினைவு வந்தது. தேநீர்த் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

"ஆ, மை மோக்கின்!" என்றார் துரைராஜா.

"தமிழிலை சொல்லுங்கோ."

"என்ன?"

"வெருளி எண்டு சொல்லுங்கோ. எல்லாருக்கும் விளங்கட்டும்."

நதானியேல் குனிந்து செருப்பைத் தேடினார். துரைராஜாவின் முகம் வெளிறியது. ஆனாலும் வாத்தியார் குரல் போகவில்லை. "அது ஒரு பழைய கிராமத்துச் சொல்லு. அதுக்குள்ளை ஒரு செல்லமும் இருக்கு. உமக்கு விளங்காது."

"செல்லமெண்டா என்ரை அப்பா உயிரோடை இருக்கேக்கை அவருக்கு முன்னாலை தமிழிலை சொல்லியிருக்கலாமே? அவரின்ரை சோத்தைத் திண்டுகொண்டு?"

தேநீர் ஆறியது. வந்தவர்கள் போனார்கள், அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவரும் வரவில்லை.

துரைராஜா அந்தச் சொல்லை விட்டுவிட்டார். மன்னிப்பும் கேட்கவில்லை. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லாதவர், இப்போதெல்லாம் ஏதாவது வேண்டுமென்றால் குசினி வாசலில் நின்று செருமுவார். மீனாம்பிகை திரும்பிப் பார்ப்பதில்லை. வேண்டியதை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் பின்கதவால் போய்விடுவாள்.